ரோமானிய வெண்கலக் காசுகளும் தெய்வ உருவங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலிக் காசை வாங்கி ஏமாறுவதும் பேரரசரின் பெயரை மாற்றிப் படிப்பதும் பழகப் பழகச் சரியாகிவிடும். திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு. புதியவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

புளியிட்டுத் துலக்குவது

பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பு பச்சையும் பழுப்புமான களிம்பாக மாறிவிடுகிறது. அச்சில் விழுந்த நுண்ணிய கோடுகள் பெரும்பாலும் அந்தக் களிம்பில்தான் நிலைத்திருக்கின்றன. பித்தளைக் குடம்போல் புளியிட்டுத் தேய்த்தால், களிம்போடு உருவமும் போய்விடும்.

கரூர் அமராவதி மணலில் கிடைத்ததென்று ஓர் இளைஞர் கொண்டுவந்த, சுமார் 13 மி.மீ. அகலமுள்ள காசு செந்நிறமாகப் பளபளத்தது, பரப்பெல்லாம் குழிகள். “நல்லா விளக்கிட்டேன் ஐயா” என்றார். கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை விக்டோரியாவின் சிறகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதலாம் தியோடோசியஸும் அவருடைய மகன்களும் கி.பி. 388-க்குப் பின் வெளியிட்ட வகை அது. பழைய சமயத்தின் தேவதைக்கு இடப்பக்கம் கை-ரோ (கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரு எழுத்துகளின் பிணைப்பு) போன்ற கிறிஸ்தவக் குறி நிற்பதுதான் அவ்வகையின் அருமை. அந்த இடத்தில் வெறும் உலோகமே மிஞ்சியிருந்தது. கீழே இருக்க வேண்டிய அக்கசாலைக் குறியும் அழிந்திருந்ததால், காசு எந்த நகரில் அடிக்கப்பட்டது என்பதையும் இனி அறிய வழியில்லை. இத்தகைய காசைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, இளகிய மண்ணை மட்டும் உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது பெரும்பாலும் குளோரைடு அரிப்பு. காசை ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

கையில் இருப்பதைப் பாராமல் பெயரிடுவது

வளக்கொம்பு (கனிகள் நிரம்பி வழியும் கொம்பு) ஏந்தி நிற்கும் பெண்ணின் மறுகையில் சுக்கான் இருந்தால் அவள் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனா. தராசு இருந்தால் நேர்மையின் தேவதை ஏக்விட்டாஸ் அல்லது நாணயத்தின் தேவதை மொனேட்டா. துலக்கியவர்கள் முதலில் இழப்பது இந்தச் சிறு பொருள்களைத்தான்.

கதிர்முடி கண்டதும் சூரியக் கடவுள் என்பது

நீரோ காலம் தொட்டு துபோந்தியஸ் என்னும் காசுகளில் பேரரசர் அணியும் கதிர்முடி (கதிர்கள் நீட்டிய முடி), அக்காசு 2 ஆஸ் (ஆஸ் என்பது சிறிய ரோமானியக் காசு) மதிப்புடையது என்பதற்கான அடையாளம்.

கான்ஸ்டன்டைன் காசெல்லாம் கிறிஸ்தவக் காசு என்பது

இல்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியதாகச் சொல்லப்படும் 312-க்குப் பின்னும் சில ஆண்டுகள் அவருடைய வெண்கலக் காசுகளில் வெல்லப்படாத சூரியன் சோல்தான் நின்றார்.