இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்களா?

காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பத்து மணி தாண்டினால் பெரும்பாலும் ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மறைத்துவிடும். 800 மீட்டருக்கும் மேலான பள்ளம் கண்ணுக்கே தெரியாது. ஸ்வெட்டர் கட்டாயம்.

சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள், பொலித்தீன் வேண்டவே வேண்டாம். வாசலில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், அது மிக நல்ல ஏற்பாடு. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் (பெரிய மான்கள்) கைக்கெட்டும் தூரத்தில் வந்து, ஈர மூக்கை நீட்டி நிற்கும். பாவமாக இருக்கும்தான், ஆனாலும் பிஸ்கட் கொடுக்காதீர்கள். தீனி மணக்கும் உறையையும் சேர்த்தே விழுங்கிவிடும். அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும். மேய்வதற்கு அவற்றுக்குப் புல்வெளி இருக்கிறது.

காட்டுப்பகுதியில் பாசி படர்ந்த கிளைகளை நிதானமாகப் பாருங்கள். மூக்கில் கொம்புள்ள ஓணான் இருக்கலாம், இலங்கையின் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்வது. தொடாமல் படம் எடுங்கள்.