மெட்டாலிக் நீலம் வெளுத்த கதை

நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள (1/24) மாடல் காருக்கு, மினுக்குத்துகள் கலந்த மெட்டாலிக் நீலம் அடித்தேன். காய்ந்ததும் பால் படர்ந்தாற்போல் வெளுத்தது. பினாங்கில் மழைக்கால மாலையில் லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் பெயின்ட்) ஸ்ப்ரே என்றால் இந்தத் தொல்லைதான். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது.

அடுத்த கார் பாடிக்கு வெயில் ஏறிய பிறகு பால்கனியில் அடித்தேன். முதலில் பளபள கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் மெட்டாலிக்கை மெல்லிசாகப் பல தடவை. கனமாக ஊற்றினால் மினுக்குத்துகள் ஒதுங்கித் திட்டுத்திட்டாகிவிடும்.

மெட்டாலிக் மேல் மட்டும் உப்புத்தாள் படவே கூடாது, துகள் அறுந்து நிறம் செத்துவிடும். பளபளப்பைத் தருவது அதன்மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர்தான். கிளியர் நன்றாக இறுகியபின் 2000 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அப்புறம் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டேன். கதவு விளிம்புகளைத் தொடவில்லை, அங்கே கிளியர் மெல்லிசு. இப்போது பானெட்டில் டியூப் லைட்டின் பிம்பம் வளையாமல் தெரிகிறது.