சமாதி என்றால் கல்லறை மட்டுமா?

‘அந்தத் திட்டத்துக்குச் சமாதி கட்டிவிட்டார்கள்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே பழக்கத்தில், ‘முனிவர் மூன்று நாள் சமாதியில் இருந்தார்’ என்று படிக்கும்போது, செத்துப் பிழைத்தாரா என்று குழம்பிவிடுகிறோம். மனம் ஒன்றிலேயே முழுக்க ஒடுங்கி நிற்பதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். கல்லறை அப்புறம் வந்தது. துறவி இறந்தால் ‘சமாதி அடைந்தார்’ என்பார்கள்; பெரும்பாலும் எரிக்காமல் புதைப்பார்கள். அப்படித்தான் நிலையின் பெயர் இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு புதைக்க வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. 1948இல் காந்தியை எரியூட்டிய ராஜ்காட்டையும் சமாதி என்றே சொல்கிறோம்.

இதைவிடப் பரவலான தவறு, சொல்லைப் பிரிப்பதில் நடக்கிறது. சமம் + ஆதி, அதாவது ‘ஆதிக்குச் சமமான நிலை’ என்பார்கள். கேட்க அழகுதான். தத்துவ விளக்கமாக வைத்துக்கொள்ளலாம், சொற்பிறப்பாக நிற்காது. இதற்கு நம் எழுத்தும் உடந்தை. வடமொழியில் ஆதியின் ‘தி’ வேறு, சமாதியின் ‘தி’ வேறு. பின்னது மூச்சோடு சேர்ந்து ஒலிப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

சரியான பிரிப்பு சம் + ஆ + தா. ‘தா’ என்ற வேருக்கு வைத்தல் என்று பொருள். ‘சம்’ என்றால் ஒருசேர. சிதறிக் கிடப்பதைத் திரட்டி ஓரிடத்தில் வைப்பது. நிதி, விதி, ஏன் இலக்கணத்தில் வரும் சந்திகூட இதே வேர்தான். சமாதானம் இன்னும் நெருங்கிய உறவு, முன்னொட்டுகள்கூட மாறவில்லை. அதுவே தெலுங்கில் ‘பதில்’, இந்தியில் ‘தீர்வு’.

தியானத்தையும் சமாதியையும் ஒன்றாக்குவது அடுத்த தவறு. பதஞ்சலியின் யோக சூத்திரம் மூன்றாம் பாதத்தை, அதாவது அத்தியாயத்தை, தொடங்கும்போதே தாரணை, தியானம், சமாதி என்று மூன்றையும் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒரு விளக்குச் சுடர் முன் உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். ஓடுகிற மனத்தை இழுத்து இழுத்துச் சுடரில் நிறுத்துவது தாரணை. இழுக்காமலே எண்ணெய் ஒழுக்குப் போல நினைவு தொடர்ந்தால் தியானம். ‘நான் பார்க்கிறேன்’ என்பதும் நழுவி, சுடர் மட்டும் மிஞ்சினால் சமாதி. பத்து நிமிடம் கண்ணை மூடிவிட்டுச் ‘சமாதிக்கே போய்விட்டேன்’ என்பது கொஞ்சம் அதிகம்தான்.

சமாதியைத் தூக்கம், மயக்கம் என்று எழுதுவதும் பொருந்தாது. அடக்க வேண்டிய ஐந்து மன விருத்திகளில், அதாவது மனத்தின் அசைவுகளில், ஒன்றாகவே தூக்கத்தை அதே நூல் எண்ணுகிறது.