கடை போர்டு எழுதக் கொடுக்கும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தாறு வருடமாகக் கடை போர்டு எழுதுகிறேன். புதுக்கடை போடுகிறவர்கள் வாஸ்து பார்த்துக் கலர் சொல்வார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர் அபூர்வம்.

கேட்கிற சிலரும் 1956 ஆட்சிமொழிச் சட்டத்தைத்தான் சொல்வார்கள். அது அரசு அலுவலக வேலைக்கு. கடைக்கு வேறு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, அதன் கீழ் வந்த 1948 விதிகளில் 15ஆம் விதி. போர்டில் தமிழ் இருந்தே ஆக வேண்டும். வேறு மொழி சேர்த்தால் தமிழுக்குக் கீழேதான், தமிழ் எடுப்பாகத் தெரிய வேண்டும். தொழிலாளர் துறை சொல்லும் கணக்கு 5:3:2. தமிழ், ஆங்கிலம், அப்புறம் உங்கள் விருப்ப மொழி. வெள்ளிக் கொலுசு வியாபாரிகள் சிலர் இந்தியும் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், மூன்றாவதாக.

நான்கு அடி உயரப் பலகை என்றால் 48 அங்குலம். மேலே நான்கு, கீழே நான்கு விட்டால் மிச்சம் 40. அதில் தமிழுக்கு 20, ஆங்கிலத்துக்கு 12, மூன்றாவதற்கு 8. நூல் அடித்துக் கோடு போட்ட பிறகே எழுத்தைத் தொடுங்கள். வரிக்கு நடுவே விடும் இடைவெளியையும் அந்தந்தப் பங்கிலேயே கழியுங்கள்.

சிக்கல் இங்கேதான். 'கி'யின் கொக்கி மேலே ஏறும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். அதனால் 20 அங்குலத்தில் தமிழ் எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது 12, 13தான். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வாலும் இல்லை, கொக்கியும் இல்லை. 12 அங்குலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அளவு சரியாக இருந்தும் இரண்டும் சமமாகத் தெரியும். நான் ஆங்கிலத்தை 8 அங்குலத்தில் நிறுத்தி, கோட்டையும் மெலிதாக்கிவிடுவேன். இது தெரியாத காலத்தில் ஏற்காட்டில் ஒரு காபித்தூள் கடைக்கு எழுதி, நோட்டீஸ் வந்து, என் செலவில் மறுபடி மலையேறி எழுதிக் கொடுத்தேன்.

பெயரையும் யோசியுங்கள். 'சில்வர் பேலஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதினால் அது தமிழாகிவிடாது. 'வெள்ளி மாளிகை' என்றால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, மாதிரியை ஒரு தாளில் எடுத்து, வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். 'பலசரக்குக் கடை'யில் நடுவே 'க்' இருக்கிறதா பாருங்கள். ஒரு கால் கூடிப்போய் மளிகைக் கடை 'மாளிகைக் கடை' ஆன போர்டு ஒன்று அம்மாப்பேட்டையில் ஆறு வருடம் தொங்கியது. எழுதியது நானில்லை.