பேட்டை பட்டறையில் ரேஸ் கார் ஃபிரேம்: கூப்பர் போட்ட வழி

1946-ல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாதிகளை ஒட்டவைத்து கூப்பர் 500 என்ற ரேஸ் காரின் முதல் வண்டியைக் கட்டினார்கள். எஞ்சின் மோட்டார் சைக்கிளுடையது. செயின் பின்சக்கரத்துக்குப் போகவேண்டும் என்பதால் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. அந்த அமைப்பில்தான் 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். கோவை கரிவரதன் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டியதும், கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக் கட்டும் இதே புத்திதான்.

ஆகவே எஞ்சின், ஸ்டீயரிங் பாக்ஸ், ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) மூன்றும் கைக்கு வந்த பிறகு படம் வரையுங்கள். செயினை இறுக்க ஸ்பானர் நுழைய இடம் இருக்கிறதா என்று எஞ்சினை மேஜையில் வைத்தே பாருங்கள்.

ஃபார்முலா ஸ்டூடண்ட் (கல்லூரி மாணவர்கள் கார் கட்டி ஓட்டும் போட்டி) வகைக் காருக்கு வீல்பேஸ், அதாவது முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் உள்ள தூரம், குறைந்தது 1525 மி.மீ. கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க அவருக்குப் பின்னுள்ள வளைவு ஒரே குழாயில், ஒட்டில்லாமல் வரவேண்டும்: 25.4 மி.மீ. விட்டம், 2.4 மி.மீ. கனம். குழாயை மடக்கும் இடத்தில் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. தண்ணீர் ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம்; அதன்மேல் பூசிய துத்தநாகம் புகைந்து வெல்டிங்கைப் பொத்தலாக்கும், அந்தப் புகை உடம்புக்கும் கேடு.

மேஜையை ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, அடிச்சட்டத்தின் இரு குறுக்களவும் (மூலைக்கு எதிர்மூலை தூரம்) ஒன்றா என்று பாருங்கள். அளப்பதைக் காலையில், நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயிலில் 2 மீட்டர் குழாய் 20 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அரை மில்லிமீட்டர் நீளும். பாதி வெயில், பாதி நிழல் என்றால் ஃபிரேமே கோணும்.

குழாய் முனையை அரத்தால் ராவி, வெளிச்சம் தெரியாதபடி பொருத்துங்கள். இடைவெளி கூடினால் உருகிய கம்பி ஆறும்போது குழாயை இழுத்துவிடும். எல்லா இணைப்புக்கும் டேக் (பொட்டு வெல்டிங்) போட்டு, மறுபடி அளந்து, அப்புறமே முழு வெல்டிங். இங்கே 25 மி.மீ., அடுத்து எதிர்மூலையில் 25 மி.மீ. என்று மாறி மாறிப் போங்கள்.

ஆனி, ஆடியில் கூடுதல் கவனம். ராதாபுரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, வெல்டிங்கை மூடிக் காக்கும் ஆர்கான் கேஸை அள்ளிக்கொண்டு போகும். வெல்டிங் ஆப்பம் மாதிரி பொடிப்பொடி ஓட்டையாக வரும். கேஸைக் கூட்டினால் சரியாகாது, சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை அடிவரை கிரைண்டரால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மேலே பூசினால் உள்ளே ஓட்டை அப்படியே இருக்கும், முதலில் அங்கேதான் விரிசல் விழும்.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஃபிரேமை மேஜையோடு பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றி, குறுக்களவை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். இழுக்கிற குறுக்குக் குழாயை அறுத்துவிட்டு, புதிதாக ஒன்றை வெட்டிப் பொருத்துங்கள்.