சார்ஜ் போட்டால் மட்டும் தானாக ஓடிய டேப்லெட்

ஏற்காட்டில் அம்மா வீடியோ பார்க்க வாங்கிய 7 அங்குல டேப்லெட், சார்ஜரில் மாட்டினாலே பேய் பிடித்த மாதிரி தானாக ஆப்களைத் திறந்து மூடும். ஒயரைப் பிடுங்கினால் உடனே சரியாகிவிடும். மலை ஈரமோ என்று துடைத்துப் பார்த்தேன், திரைமேல் ஒட்டியிருந்த பாதுகாப்பு ஷீட்டை உரித்தேன், ஃபேக்டரி ரீசெட்டும் போட்டாச்சு, ஒன்றும் மாறவில்லை. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் டிஸ்ப்ளேவையே மாற்றணும் என்றார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மேஜையில் கிடந்தால் ஆட்டம் அதிகம், கையில் பிடித்தால் குறைவு. அப்புறம் மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிற வரை, அதே ஒயரைப் பவர் பேங்கில் செருகிப் பார்த்தேன். தொடுதிரை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அப்போ திரையில் கோளாறில்லை, ஒயரிலும் இல்லை, கூடவே வந்த சார்ஜர்தான்!

விரல் படும்போது மின்தேக்கத்தில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறனில், வரும் மிகச் சிறிய மாற்றத்தை அளந்துதான் இந்தத் திரை வேலை செய்கிறது. மட்டமான சார்ஜர் கசியவிடும் மின் இரைச்சலையும் (தேவையில்லாத மின் அதிர்வுகளையும்) அது விரல் என்றே எடுத்துக்கொள்ளும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை உள்ள 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கிப் போட்டேன், அன்றோடு நின்றது. அப்பாடா! டிஸ்ப்ளேவுக்குக் காசு கொடுக்கும் முன் பவர் பேங்கில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.