லிடாரில் தூரமும் கண் பாதுகாப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி லிடார். அதன் வடிவமைப்பில் "எத்தனை மீட்டர் வரை பார்க்கும்?" என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடுகிறது. "எதிரே நிற்பவரின் கண்ணுக்கு என்ன ஆகும்?" என்பது சான்றிதழுக்குப் போகும் நேரத்தில்தான் வருகிறது. மற்ற பல தவறுகளுக்கும் இந்த வரிசைதான் வேர். அந்தக் கட்டத்தில் லென்ஸின் அளவு, திரும்பும் ஒளியை உணரும் டிடெக்டர், பெட்டி எல்லாம் முடிவாகியிருக்கும். மாற்ற முடிவது லேசரின் சக்தி ஒன்றைத்தான். அதைக் குறைத்தால் சொல்லிவைத்த தூரம் கைநழுவும்.

தூரம் போதவில்லையென்றால் சக்தியைக் கூட்டலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. சுவர் போன்ற அகன்ற பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 100 மீட்டரில் கிடைத்த சிக்னலை 200 மீட்டரிலும் பெற நான்கு மடங்கு ஒளி வேண்டும். லேசர் கற்றையை விடப் பொருள் சிறியதென்றால் பதினாறு மடங்கு. கண்ணுக்கான வரம்போ இம்மிகூட நகராது.

அந்த வரம்பு ஏன் இவ்வளவு இறுக்கமானது? 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண் தன் லென்ஸால் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியாக்குகிறது. கண்ணின் முன்படலமான கார்னியாவில் விழுந்த செறிவு விழித்திரைக்குப் போகும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகிவிடும். பெரும்பாலான லிடார்கள் பயன்படுத்தும் 905 நானோமீட்டர் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால், கூசிக் கண்ணை மூடிக்கொள்ளும் அனிச்சைச் செயலும் காப்பாற்றாது. லேசர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60825-1-இன் 2014 பதிப்புப்படி, 905-இல் நானோவினாடிக் கணக்கில் நீளும் பல்ஸ் (ஒளித்துடிப்பு) ஒன்றுக்கு, சாதாரணப் பயன்பாட்டில் பாதுகாப்பானது எனக் கருதப்படும் வகுப்பு 1-இன் வரம்பு சுமார் 0.2 மைக்ரோஜூல். இருட்டில் விரிந்த கண்பாவையின் அளவான 7 மில்லிமீட்டர் துளை வழியாக நுழையும் ஆற்றல் இது.

இங்கேதான் மிகப் பரவலான தவறு நடக்கிறது. ஒரு பல்ஸைக் கணக்குப் போட்டு, 0.2-க்குள் இருக்கிறது, சரி என்று விட்டுவிடுவார்கள். தரநிலை அதோடு நிற்பதில்லை. தொடர் பல்ஸ்களின் சராசரி சக்தியையும் பார்க்கச் சொல்கிறது. ஒரு ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம்: கிடைமட்டத்தில் 0.1 டிகிரிக்கு ஒரு புள்ளி, செங்குத்தில் 0.2 டிகிரிக்கு ஒரு வரி, வினாடிக்கு 10 சட்டகம் (முழுக் காட்சியை ஒருமுறை வருடுவது ஒரு சட்டகம்). 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்த 7 மில்லிமீட்டர் துளை சுமார் 4 டிகிரி அகலத்தை அடைக்கும். குறுக்கே 40 புள்ளி, மேலிருந்து கீழே 20 வரி. வட்டத் துளை என்பதால் ஒரு சட்டகத்தில் ஏறக்குறைய 630 பல்ஸ்கள் உள்ளே போகும். ஒவ்வொன்றும் 0.2 மைக்ரோஜூல் என்றால் வினாடிக்கு 1.26 மில்லிஜூல், அதாவது 1.26 மில்லிவாட். 905-இல் சராசரி சக்திக்கான வகுப்பு 1 வரம்பு ஏறத்தாழ 1 மில்லிவாட். தனியாகப் பார்த்தால் தேறிய பல்ஸ், கூட்டமாக வரும்போது தோற்றுவிடுகிறது. புள்ளிகளை நெருக்கமாக்க ஆசைப்படும்போதெல்லாம் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

இதையொட்டி இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஒரு பெரிய பல்ஸுக்குப் பதில் நான்கு சிறிய பல்ஸ்களை அடுத்தடுத்து அனுப்பி, பெறும் பக்கத்தில் கூட்டிக்கொள்வது. இந்த அலைநீளத்தில் 5 மைக்ரோவினாடிக்குள் வரும் பல்ஸ்களை எல்லாம் தரநிலை ஒரே பல்ஸாகச் சேர்த்தே எண்ணும். 300 மீட்டர் போய்வர ஒளிக்கு 2 மைக்ரோவினாடி போதும் என்பதால், இந்தக் கொத்துகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் விழும். வேறு நோக்கங்களுக்குக் கொத்து உதவலாம். கண் வரம்பில் சலுகை வாங்கித் தராது.

"1550 நானோமீட்டருக்கு மாறினால் கவலையே இல்லை" என்பது அடுத்த நம்பிக்கை. அந்த ஒளியைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீர் உறிஞ்சிவிடுவதால் அது விழித்திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. அது உண்மைதான். ஒற்றைப் பல்ஸுக்கான வரம்பு 8 மில்லிஜூல், அதாவது 905-ஐ விட 40,000 மடங்கு. ஆனால் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது ஏமாற்றத்தில் முடியும். சராசரி சக்தியின் வரம்பு 10 மில்லிவாட்தான். ஆதாயம் 10 மடங்குக்கே சுருங்குகிறது. வினாடிக்கு லட்சக்கணக்கில் பல்ஸ் அனுப்பும் கருவியில் இரண்டாவது எண்ணே கையைக் கட்டும். தவிர, சிலிக்கான் டிடெக்டருக்கு 1550 தெரியாது. விலை கூடிய இண்டியம் கேலியம் ஆர்சனைடு வேண்டும். ஈரமான பரப்புகளில் சிக்னல் அதிகம் இழக்கும். கண்ணுக்குப் பாதுகாப்பானது கேமராவுக்கும் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிடக் கூடாது: 2019 ஜனவரியில் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சியில் ஒரு லிடாரைப் படமெடுத்த கேமராவின் சென்சார் நிரந்தரமாகப் பழுதானது.

லேசர் கற்றையைத் திருப்பிவிடும் கண்ணாடி சுழல்வதால்தான் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டவர்கள், சுழற்சி நின்றால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். ஒரு மோட்டார் பழுதானாலும் கருவி தன் வகுப்புக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது தரநிலையின் எதிர்பார்ப்பு. சுழற்சி தவறியதை உணர்ந்து லேசரை அணைக்கும் சுற்று, மென்பொருள் விழித்தெழும்வரை காத்திருக்கக் கூடாது. அதேபோல் வெறும் கண்ணுக்கு மட்டும் பாதுகாப்பான 1M வகுப்பை வகுப்பு 1 என்று சுருக்கிச் சொல்வதும் ஆபத்து. அகலமான கற்றையில் வெறும் கண்ணுக்குள் சிறு பகுதிதான் போகும். பைனாகுலர் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் மொத்தமும் குவியலாம்.

சரி, தூரத்தை எங்கிருந்து எடுப்பது? பெறும் பக்கத்திலிருந்து என்பதே என் உறுதியான எண்ணம். பலரும் கண்டுகொள்ளாத ஓர் இடம், லேசரின் அலைநீளத்தையொட்டிய ஒளியை மட்டும் டிடெக்டருக்கு விடும் ஒளி வடிகட்டி. சாதாரண 905 லேசர் டையோடின் அலைநீளம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை இயங்க வேண்டுமென்றால் நகர்வு மட்டுமே சுமார் 37.5 நானோமீட்டர். அதற்கு இடம்விட்டு 40 நானோமீட்டர் அகலப் பட்டையை விடும் வடிகட்டி வைத்தால் வெயிலும் தாராளமாக உள்ளே வரும். டையோடின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்து வடிகட்டியை 10 நானோமீட்டருக்குக் குறைத்தால் வெயில் நான்கில் ஒன்றாகும், அதனால் வரும் இரைச்சல் பாதியாகும். இரைச்சலில் வெயிலின் பங்கே பெரிது என்றால் எட்டும் தூரம் சுமார் 1.4 மடங்கு. இதையே லேசரிலிருந்து வாங்க சக்தியை இரட்டிப்பாக்க வேண்டியிருந்திருக்கும்.

அனுப்பும் பக்கத்திலும் வழியில்லாமல் இல்லை. வரம்பு ஆற்றலுக்குத்தான் என்பதால் அதே 0.2 மைக்ரோஜூலை 5 நானோவினாடியில் அனுப்பினால் உச்சம் 40 வாட், 2.5-இல் அனுப்பினால் 80 வாட். குறுகிய பல்ஸைப் பிடிக்கப் பெறும் சுற்றின் பட்டையகலமும் (அது ஏற்கும் அதிர்வெண்களின் வீச்சு) கூடி இரைச்சல் 1.4 மடங்காகும்; ஆனாலும் லாபம் மிஞ்சும். அதற்கு லேசருக்கு மின்னோட்டம் பாயும் பாதை மிகக் குறுகியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூண்டம் (மின்னோட்டம் சட்டென மாறுவதைத் தடுக்கும் தன்மை) பல்ஸை நீட்டிவிடும்.

கடைசியாக, தூரத்தையே தப்பாகச் சொல்வது. வெள்ளைப் பலகையில் 80 விழுக்காடு எதிரொளிப்பில் 250 மீட்டர் எட்டிய கருவி, 10 விழுக்காடே திருப்பித் தரும் கருந்துணியில் 90 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே தேவை ஆவணத்தில் வெறும் மீட்டர் எண்ணை எழுதாதீர்கள். எத்தனை விழுக்காடு எதிரொளிப்பில், நேரடி வெயிலிலா நிழலிலா, நூற்றுக்கு எத்தனை முறை கண்டறிய வேண்டும், தவறான கண்டறிதல் எவ்வளவு வரலாம் என்பதையும் எழுதுங்கள். கூடவே எந்த வகுப்பு, எந்தப் பழுது நிலையில் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.